ரொக்கமும் ஈவும்: ராச்டேல் கடையிலிருந்து திருவல்லிக்கேணிவரை

குடும்பச் செலவில் மிச்சம் பிடிப்பது என்றால் ஆசையை அடக்குவது, தேவையைச் சுருக்குவது, வேண்டாததை வாங்காமல் இருப்பது என்றுதான் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. வருவாயில் ஓரளவு உபரி உள்ள குடும்பத்துக்கு அந்த அறிவுரை பொருந்தும். மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவர்த்தி போன்ற நான்கைந்து பொருள்களுக்கே வாரக்கூலி முழுவதும் கரைந்துபோன குடும்பத்தில் சுருக்குவதற்கு என்ன இருந்திருக்க முடியும்? 1840களில் இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்து நெசவாளர் குடும்பங்கள் இந்த நிலையில்தான் இருந்தன. வாங்கும் பொருளைக் குறைக்க வழியில்லாத அவர்கள் பொருள் வாங்கும் முறையையே மாற்றிக்கொண்டார்கள். நுகர்வோர் கூட்டுறவு, அதாவது பொருளை வாங்குவோரே சேர்ந்து சொந்தமாகக் கடை நடத்தும் ஏற்பாடு, வெற்றிகரமான வடிவத்தைப் பெற்றது அந்த மாற்றத்தினால்தான்.

மான்செஸ்டருக்கு வடக்கே அமைந்த ராச்டேல் கம்பளித் துணிக்கும், குறிப்பாக ஃபிளானல் என்னும் மென்மையான கம்பளித் துணிக்கும் பெயர்பெற்ற ஊர். விசைத்தறி பரவப் பரவக் கைத்தறிக்காரரின் கூலி ஆண்டுக்காண்டு தேய்ந்தது. விலைவாசி உயர்வும் வேலையின்மையும் சேர்ந்துகொண்ட அந்தப் பத்தாண்டு இங்கிலாந்தின் வரலாற்றில் ‘பசி நாற்பதுகள்’ என்றே குறிக்கப்படுகிறது. கூலி உயர்வு கேட்டு ராச்டேல் நெசவாளர் நடத்திய போராட்டம் தோல்வியில் முடிந்தபோது, வருவாயைப் பெருக்கும் வழி அடைபட்டுவிட்டதால், கையில் வருகிற காசு எவ்வழிகளில் வெளியேறுகிறது என்ற ஆராய்ச்சி அவர்களிடையே தொடங்கியது.

அது வெளியேறிய வழிகளில் முதலாவது கடன் பற்று. வாரக்கூலி வருமுன்பே தீர்ந்துவிடுவதால் குடும்பங்கள் கடைக்காரரிடம் கணக்கு வைத்துப் பொருள் வாங்கின. கணக்கில் பாக்கி நிற்கும்வரை வேறு கடைக்குப் போக முடியாது. விலையைக் கேட்கவோ எடையைச் சரிபார்க்கவோ வாய் திறக்க முடியாது. கடனைத் திருப்பாதவர்களால் ஏற்படும் இழப்பையும் கடைக்காரர் விலையில் சேர்த்துவிடுவதால், ஒழுங்காகப் பணம் கொடுப்பவரே மற்றவரின் கடனையும் சேர்த்து அடைத்தார். இரண்டாவது வழி, ஆலை முதலாளிகளே நடத்திய கடைகள். கூலியைப் பணமாகத் தராமல் பொருளாகவோ, தம் கடையில் மட்டுமே செல்லும் சீட்டாகவோ கொடுக்கும் இந்த முறையை 1831ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருந்தும் பல ஊர்களில் அது மறைமுகமாக நீடித்தது.

மூன்றாவது வழி கலப்படம். ரொட்டி மாவில் வெண்மைக்காகப் படிகாரம் சேர்ப்பதும், தேயிலையோடு வேறு செடிகளின் இலைகளை உலர்த்திச் சாயமேற்றிக் கலப்பதும் அன்றைய வணிகத்தில் சாதாரணமாகிவிட்டிருந்தன. ஃபிரெடரிக் ஆக்கம் என்ற வேதியியலாளர் 1820இலேயே இதைப் பற்றி நூல் எழுதி எச்சரித்தார். 1850களின் தொடக்கத்தில் ஆர்தர் ஹசல் என்ற மருத்துவர் கடைகளில் வாங்கிய உணவுப்பொருள்களை நுண்ணோக்கியின் கீழ் ஆராய்ந்து ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்ட பிறகுதான், 1860இல் பிரிட்டனில் கலப்படத் தடைச்சட்டம் வந்தது. கலப்படப் பொருளை வாங்கும் ஏழை அரைப்பங்கு உணவுக்கு முழு விலை கொடுக்கிறார். ஆகவே தூய பொருளும் சரியான எடையும் உடல்நலத்தைக் காத்ததோடு வீட்டுக் கணக்கையும் காத்தன.

கூட்டாகக் கடை நடத்தும் எண்ணம் ராச்டேலில் பிறந்ததன்று. ஆலை உரிமையாளராக இருந்து சமூகச் சீர்திருத்தக்காரராக மாறிய ராபர்ட் ஓவனின் கருத்துகளும், பிரைட்டன் நகரத்து மருத்துவர் வில்லியம் கிங் 1828 முதல் 1830 வரை நடத்திய ‘கோஆப்பரேட்டர்’ இதழும் அந்த எண்ணத்தைத் தொழிலாளரிடையே பரப்பியிருந்தன. ராச்டேலிலேயே 1833இல் டோட் லேன் என்ற தெருவில் அத்தகைய கடையொன்று திறக்கப்பட்டு, உறுப்பினர்களுக்குக் கடனில் பொருள் கொடுத்ததால் முதல் முடங்கி இரண்டே ஆண்டுகளில் மூடப்பட்டது. பின்வந்தவர்கள் கடனை விலக்கியதற்கு இந்தப் பட்டறிவே அடிப்படை.

1844ஆம் ஆண்டு ‘ராச்டேல் நேர்மை முன்னோடிகள் சங்கம்’ தோன்றியது. நெசவாளர்களோடு வேறு கைத்தொழில் செய்வோரும் அதில் இருந்தனர். தொடக்க உறுப்பினர் 28 பேர் என்பது மரபாகச் சொல்லப்படும் கணக்கு. ஆளுக்கு ஒரு பவுண்டு பங்குத்தொகை என்று தீர்மானித்த அவர்களால் அதை ஒரே தவணையில் கொடுக்க இயலவில்லை. எனவே வாரத்துக்கு இரண்டு பென்னியும் பிறகு மூன்று பென்னியுமாக வீடுவீடாகச் சென்று வசூலித்து 28 பவுண்டு முதல் திரட்டினார்கள். டோட் லேனில் 31ஆம் எண் கிடங்கின் தரைத்தளத்தை ஆண்டுக்குப் பத்துப் பவுண்டு வாடகைக்குப் பிடித்து, 1844 டிசம்பர் 21 அன்று மாலை கடையைத் திறந்தபோது அங்கிருந்த சரக்கு சுமார் 300 கிலோ கோதுமை மாவு, 25 கிலோ சர்க்கரை, 13 கிலோ வெண்ணெய், ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு, சில மெழுகுவர்த்திகள், அவ்வளவே. தொடக்கத்தில் வாரத்தில் இரண்டு மாலைகள் மட்டுமே திறந்த அந்தக் கடையை ஊரார் ஏளனம் செய்தார்கள்; ஆனால் முதலாண்டு முடிவில் 74 உறுப்பினர்களும் 181 பவுண்டு முதலும் சேர்ந்திருந்தன.

ஏளனத்தை வென்றவை சங்கத்தின் விதிகள். அவற்றுள் வீட்டுச் செலவோடு நேரடித் தொடர்புடையவை மூன்று. முதலாவதாக, யாருக்கும் கடன் இல்லை. ரொக்கம் கொடுத்தே வாங்க வேண்டும். இரண்டாவதாக, கலப்படமற்ற பொருளைச் சரியான எடையில், ஊரில் நிலவும் சந்தை விலைக்கே விற்க வேண்டும். விலையைக் குறைத்துப் போட்டியிட்டால் சிறு முதல் உள்ள கடை முதல் இழப்பிலேயே வீழ்ந்துவிடும் என்பதால் இவ்விதி வகுக்கப்பட்டது. மூன்றாவதாக, செலவும் முதலுக்குரிய வரம்புக்குட்பட்ட வட்டியும் போக எஞ்சும் உபரியை, பங்கின் அளவுக்கேற்ப அல்லாமல், அவரவர் கடையில் வாங்கிய அளவுக்கேற்பக் காலாண்டுதோறும் பிரித்துத் தர வேண்டும். இவ்வாறு பிரித்தளிக்கப்படும் தொகையே கொள்முதல் ஈவு எனப்படும். ஈவைக் கொள்முதலோடு இணைக்கும் கருத்தைச் சங்கத்தில் வலியுறுத்தியவர் சார்லஸ் ஹோவர்த் என்று கூட்டுறவு வரலாறு கூறுகிறது.

இந்த ஈவின் ஆற்றலை ஒரு கணக்கால் அறியலாம். தொடக்கத்தில் பவுண்டுக்கு மூன்று பென்னியாக இருந்த ஈவு, சங்கம் வளர்ந்த பிற்காலத்தில் பவுண்டுக்கு இரண்டரை ஷில்லிங்கை எட்டியது. ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங் என்ற அன்றைய நாணயக் கணக்கில் இது எட்டில் ஒரு பங்கு. வாரம் பத்து ஷில்லிங்குக்கு மளிகை வாங்கும் குடும்பம் ஆண்டில் 26 பவுண்டு செலவிட்டால், திரும்பி வரும் ஈவு மூன்று பவுண்டு ஐந்து ஷில்லிங். அதாவது ஆறரை வார மளிகைச் செலவுக்கு ஈடான தொகை. உணவில் ஒரு கவளத்தையும் குறைக்காமல் அக்குடும்பம் இந்தச் சேமிப்பைப் பெற்றது. வாரந்தோறும் தனித்தனியாக விட்டுக்கொடுத்திருந்தால் சில பென்னிகளாகக் கரைந்திருக்கக்கூடிய தள்ளுபடி, காலாண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வந்ததனால் காலணிக்கோ வாடகைக்கோ குளிர்கால நிலக்கரிக்கோ பயன்படும் பணமாயிற்று. அதைச் சங்கத்திலேயே முதலாக விட்டுவைத்தால் வட்டியும் சேர்ந்தது. பங்குப் பணத்தை மொத்தமாகக் கட்ட இயலாத ஏழையும் வாங்கியே பங்குதாரராக வளர முடிந்தது.

குடும்பத்துக்குள்ளும் இந்த ஏற்பாடு மாற்றத்தைக் கொண்டுவந்தது. மணமான பெண்ணின் சம்பாத்தியம் கணவனுக்கே உரியது என்று சட்டம் கருதிய காலத்தில், 1870, 1882ஆம் ஆண்டுகளின் சொத்துரிமைச் சட்டங்களுக்கு வெகு முன்பே, ராச்டேல் சங்கம் பெண்களைத் தம் பெயரிலேயே உறுப்பினராக ஏற்றது. ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற விதி அவர்களுக்கும் பொருந்தியது. கடைக்குச் சென்று பொருள் வாங்குபவர் பெரும்பாலும் இல்லத்தரசியே என்பதால், ஈவுப் பணத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் அவரை அமர்த்தியது இந்த நடைமுறை. 1883இல் தொடங்கிய மகளிர் கூட்டுறவுக் கழகம் பின்னாளில் பேறுகாலப் பராமரிப்பு முதலிய பொதுக் கோரிக்கைகளையும் எழுப்பும் அமைப்பாக வளர்ந்தது.

உபரியில் இரண்டரை சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கி நூலகமும் படிப்பகமும் நடத்திய முன்னோடிகள், வரவு செலவை உறுப்பினர் கூட்டத்தின் முன்வைக்கும் வழக்கத்தையும் காத்தார்கள். 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து நின்று லங்காஷயர் ஆலைகள் மூடியபோது, சங்கத்தில் சேர்த்துவைத்த பணம் பல குடும்பங்களுக்கு ஊன்றுகோலாயிற்று. அதே நெருக்கடிக் காலத்தில், 1863இல், பல ஊர்ச் சங்கங்கள் ஒன்றுகூடி மான்செஸ்டரில் மொத்தக் கொள்முதல் சங்கத்தை நிறுவி இடைத்தரகரின் பங்கையும் குறைத்தன. 1900ஆம் ஆண்டளவில் பிரிட்டனின் நுகர்வோர் சங்கங்களில் சுமார் 17 இலட்சம் பேர் உறுப்பினராக இருந்தனர்.

இந்த வெற்றிக்கு ஓர் எல்லையும் இருந்தது. ரொக்க விதி கடனிலிருந்து காத்தது உண்மையே. ஆயினும் கையில் ஒருநாள் ரொக்கம்கூட இல்லாத பரம ஏழையை அதே விதி கடை வாசலிலேயே நிறுத்தியது. ஈவை உயர்த்திக் காட்ட விலையை ஏற்றிய சங்கங்களும் இருந்தன. இக்குறைகளைக் களைய மகளிர் கழகம் 1902இல் சண்டர்லாந்து நகரின் ஏழைப் பகுதியில் ஒரு கடை திறந்து, ஒரு பென்னி அளவுக்கும் பொருள் விற்றுச் சிறு ஈவு தந்து பார்த்தது. நிர்வாகத்தோடு எழுந்த கருத்து வேறுபாட்டால் அந்த முயற்சி இரண்டே ஆண்டுகளில் நின்றுபோனது.

ராச்டேலின் கருத்து தமிழகத்தை அடைந்த வழி தனிச்சிறப்புடையது. சென்னை மாகாண அதிகாரி ஃபிரெடரிக் நிக்கல்சன் 1895, 1897ஆம் ஆண்டுகளில் அளித்த அறிக்கைகள் ஜெர்மனியின் கிராமக் கடன் சங்கங்களையே முன்மாதிரியாகக் கொண்டிருந்ததால், 1904ஆம் ஆண்டு இந்தியக் கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களை மட்டுமே கருதியது. கடை நடத்தும் சங்கங்களுக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது 1912இல்தான். அதற்கு எட்டாண்டு முன்பே, 1904இல், சென்னைத் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவு சங்கம் தோன்றியது. அதைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர், அங்குள்ள இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக அன்று விளங்கிய வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. இந்திய நுகர்வோர் கூட்டுறவின் தொடக்கமாக இச்சங்கமே கருதப்படுகிறது. மாதச் சம்பளக் குடும்பங்கள் நிறைந்த அப்பகுதியில் மளிகைக்கடைப் பற்று நோட்டு இல்லாத வீடு அரிது. சம்பளம் வந்ததும் பாக்கியைத் தீர்ப்பதும், தீர்த்த மறுநாளே புதிய பற்று எழுதுவதுமாகச் சுழன்ற வாழ்க்கை, லங்காஷயர் நெசவாளரின் வாரக்கணக்கை ஒத்திருந்தது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உணவுத் தட்டுப்பாடு நேர்ந்து பங்கீட்டு முறை வந்தபோது, கூட்டுறவுப் பண்டகசாலைகள் நியாயமான பங்கீட்டுக்கு உதவும் வலைப்பின்னலாயின. இலங்கையிலும் அதே காலத்தில் கூட்டுறவுக் கடைகள் பெருகின. யாழ்ப்பாணத்து மக்கள் அவற்றைச் சங்கக்கடை என்றே அழைத்தார்கள். இன்று தமிழ்நாட்டின் நியாயவிலைக் கடைகளில் மிகப் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவு சங்கங்களே நடத்துகின்றன. திருவல்லிக்கேணி சங்கத்தின் காமதேனு அங்காடியும் பிற ஊர்ச் சிந்தாமணி பண்டகசாலைகளும் நகரக் குடும்பங்களுக்கு அறிமுகமானவை. எனினும் பங்கீட்டுப் பணி அரசின் பொறுப்பாக விரிந்தபோது, கடை தம்முடையது என்னும் உறுப்பினரின் உணர்வு மெலிந்தது. ராச்டேலில் வாடிக்கையாளரே உரிமையாளராக இருந்து கணக்குக் கேட்டார்; இங்கே அவர் பெரும்பாலும் வரிசையில் நிற்கும் பயனாளியாகவே இருக்கிறார்.

ராச்டேலின் பாடங்களில் எதுவும் காலாவதியாகவில்லை. கடன் அட்டையும் தவணைத் திட்டமும் பழைய பற்று நோட்டின் வேலையையே இன்று செய்கின்றன; ஆகவே அன்றாடப் பொருளை ரொக்கத்துக்கே வாங்கும் வழக்கம் இன்றும் முதல் சேமிப்பு. எடையையும் தரத்தையும் சரிபார்ப்பது இரண்டாவது சேமிப்பு. அண்டை வீட்டார் சிலர் சேர்ந்து அரிசி, பருப்பு, எண்ணெயை மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்வது மூன்றாவது சேமிப்பு. செலவில் மிஞ்சியதைத் தனியே எடுத்துவைத்து முதலாக்குவது நான்காவது சேமிப்பு. இவற்றோடு, தம் ஊர்க் கூட்டுறவுப் பண்டகசாலையில் பங்கு வாங்கி, ஆண்டுப் பேரவைக் கூட்டத்துக்குச் சென்று வரவு செலவைக் கேட்டறிவதும் ஒவ்வொரு குடும்பத்தின் கடமையாக வேண்டும். வாங்குவோர் கணக்குக் கேட்கும் கடையே வாங்குவோருக்கு மிச்சம் தரும்.