மீன் குட்டையை நீர்நாயிடமிருந்து காப்பது எப்படி?

காவிரி, கொள்ளிடம் கரையோர ஊர்களில் வீட்டருகே குட்டை வெட்டி கட்லா, ரோகு வளர்ப்பவர்களுக்கு நீர்நாய் பெரும் தொல்லை. கூட்டமாக வந்து இறங்கினால், விற்பனைக்குத் தயாரான மீன்களைத்தான் முதலில் இழப்போம்.

அடையாளம்: கரையில் பாதி தின்ற மீன், சவ்வு விரல் பதிந்த கால்தடம், செதிலும் முள்ளும் கலந்த எச்சம் ஆகியவை கிடந்தால் வந்தது நீர்நாய். பகலில் சிறு குஞ்சுகள் மட்டும் குறைந்தால் நீர்க்காகமாகவோ கொக்காகவோ இருக்கலாம்.

வேலி: குட்டையைச் சுற்றி 5 அடி உயரத்துக்குக் கம்பி வலை அடிக்க வேண்டும். நீர்நாய் மண்ணைப் பறித்து நுழையும். எனவே வலையின் அடிப்பகுதியை 1 அடி ஆழம் புதைத்து, வெளிப்பக்கமாக மடக்கிவிட வேண்டும். கதவின் கீழ் இடைவெளி கூடாது. தண்ணீர் வரும், வடியும் குழாய்களின் வாயிலும் கம்பி வலை கட்ட வேண்டும்.

பராமரிப்பு: செத்த மீன்களை உடனே அகற்றுங்கள். கரைப் புதர்களை வெட்டுங்கள். ஆறு வற்றும் கோடையில் இரவுக் காவல் அவசியம். வளர்ந்த மீன்களைத் தாமதிக்காமல் பிடித்து விற்றுவிடுங்கள்.

எச்சரிக்கை: நீர்நாய், 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு. விஷம், கண்ணி வைப்பது குற்றம். வேலியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவதும் குற்றம். அது மனித உயிரையே பறிக்கும். தொல்லை தொடர்ந்தால் வனச்சரக அலுவலகத்தில் தெரிவியுங்கள்.