சாயாத கண்

சோழவரம் என்னும் பெயரைச் சிறு வயதில் முதன்முறையாகக் கேட்டபோது, அது எங்கள் சோழவந்தானே என்று எண்ணிவிட்டேன். மோட்டார் சைக்கிள் பந்தயம் பற்றிய பேச்சு அது. வைகைக் கரையில், வெற்றிலைக் கொடிக்காலுக்கும் தென்னந்தோப்புக்கும் இடையே பந்தயச் சாலையைத் தேடி அலைந்தேன். "தம்பி, அது சென்னைக்கு வடக்கே இருக்கிற ஊரப்பா!" என்று பெரியவர் ஒருவர் சிரித்தார். பெயரிலே சிறு வேறுபாடு. வழியிலோ ஏறக்குறைய முந்நூறு மைல்!

அந்தச் சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதை ஒன்று இருந்தது. 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் விளையாட்டுக் கழகம் அங்கே பல ஆண்டுகள் பந்தயங்களை நடத்திற்று. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தளம் திறக்கப்பட்டது. சோழவரத்தில் கூடியவர்கள் கண்டதெல்லாம் கண்ணிமைப்பில் கடந்துபோன வண்டியைத்தான். வளைவில் சாய்ந்தவன் என்ன கண்டான், எவ்வளவு துணிந்தான் என்பதை எவர் அறிவார்?

வண்டியிலேயே படக்கருவியைப் பொருத்தினால் அறியலாம் அல்லவா? 1979-இல் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் கார்ப் பந்தயத்தை, ஓடும் காரிலிருந்தே தொலைக்காட்சியில் காட்டினார்கள். ஆனால் கார் வளைவில் அதிகம் சாய்வதில்லை; மோட்டார் சைக்கிளோ சாய்ந்தே திரும்பும். அதனோடு இறுகப் பிணைத்த கருவியும் உடன் சாயும். ஆகவே திரையில் வண்டி நிமிர்ந்து நிற்கும்; பூமிதான் சரியும்! ஓட்டியவனுடைய துணிவு அங்கே மறைந்துபோகிறது.

கருவியை நிமிர்த்தி வைக்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதாதா என்று கேட்கலாம். போதாது. சீராகத் திரும்பும் வண்டியில், புவியீர்ப்பும் திருப்பத்தின் விசையும் சேர்ந்து குண்டையும் வண்டியின் சாய்வுக்கே இழுத்துவிடும். செம்பில் உள்ள நீரும் அவ்வாறே சாய்ந்து நம்மை ஏமாற்றும்.

ஏமாறாதது ஒன்று உண்டு, அது பம்பரம். விரைந்து சுழலும் சக்கரம் தன் அச்சின் திசையை எளிதில் விட்டுக்கொடாது. அவ்வியல்பைக் கொண்டு பூமியின் சுழற்சியையே காட்ட முயன்ற பிரெஞ்சு அறிஞர் பூக்கோ, 1852-இல் தம் கருவிக்கு 'ஜைராஸ்கோப்' என்று பெயரிட்டார். அந்த வழியில் வந்த உணர்கருவி, வண்டி எவ்வளவு சாய்கிறது என்று கணந்தோறும் அளக்கிறது. சிறு மோட்டார் ஒன்று படக்கருவியை அதே அளவு எதிர்ப்புறம் திருப்புகிறது. அடிவானம் கிடையாக நிற்க, வண்டி சாய்வதை நாம் காண்கிறோம்.

உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் இம்முறை 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புகுந்தது. வீரர்கள் அறுபது பாகைக்கும் மேல் சாய்வதை அப்போதுதான் வீட்டில் இருந்தவர்களும் உணர்ந்தனர். 2023 செப்டம்பரில் அந்தப் பந்தயம் கிரேட்டர் நொய்டாவுக்கும் வந்தது.

புதுமை என்று இதனை வியக்கிறோம். ஆயினும் சாயும்போது கழுத்தை நிமிர்த்தி, கண்ணை அடிவானத்தோடு இணையாக வைத்துக்கொள்வது ஓட்டுநரின் பழைய வழக்கமே. சோழவரத்து வீரர்களுக்கும் அந்தச் சாயாத கண் இருந்தது; அது கண்டதைச் சேமித்து வைக்கத்தான் கருவி இல்லை. அவர்களையும் அந்த நாளையும் கண்ட முதியவர் எவரேனும் உங்கள் தெருவில் இருப்பாராயின், இன்றே அருகில் அமர்ந்து கேட்டு எழுதி வையுங்கள். அந்த வரலாற்றுக்கு எஞ்சியுள்ள படச்சுருள் அவர்தம் நினைவே.