தெங்கு பனை நோய்ப்பெயர்களும் நோயறிதலும்

தொல்காப்பியனார் மரபியலுள் புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் பகுத்தார். தெங்கும் பனையும் இப்பகுப்பில் புல்லாயின. இலக்கணம் பயில்வார் இதனைச் சொல்வழக்கு அளவில் கண்டு கடந்துவிடுவர். உழவர்க்கோ இஃது உயிர்நிலையான செய்தி. மாவும் புளியும் கிளை முறியினும் வேறு கிளை விடும். தண்டிற்பட்ட புண்ணும் நாளடைவில் மூடும். பனைக்கும் தெங்கிற்கும் வளர்முனை ஒன்றே. அக்குருத்து மாய்ந்தால் மரமும் மாய்ந்தது. தண்டிற்பட்ட வடுவும் தூர்வதில்லை. ஆகவே, நோயை முற்படக் காண்டலே இங்கு மருத்துவத்தின் பெரும்பகுதியாம். அதற்கு நோயின் பெயர் துணையாகின்றதா, தடையாகின்றதா என்பதே ஈண்டு எம் வினா.

குருத்தழுகல் என்பது நற்பெயர். பார்க்க வேண்டிய இடத்தைப் பெயரே சுட்டுகின்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கோதாவரிக் கழிமுகத்தில் பனைகள் இந்நோயால் மிகுதியும் மாண்டன. பட்லர் என்னும் பூசணவியலறிஞர் 1907இல் இதற்குரிய பூசணத்தை விளக்கினார். இன்று அதனைப் பைட்டாப்தோரா பால்மிவோரா என்பர். நோயுற்ற மரங்களின் தலைப்பகுதியை வெட்டி எரிக்க அரசு முனைந்தது. தென்னையில் நடுக்குருத்து வெளிறி, இழுத்தால் கையோடு வருதல் இதன் அடையாளம். தொடக்கத்திலேயே கண்டால், அழுகலை நீக்கிப் போர்டோப் பசை தடவி, மழைநீர் புகாமல் மூடிக் காக்கலாம்.

தஞ்சாவூர் வாடல் என்னும் பெயரோ அத்தகையதன்று. 1952ஆம் ஆண்டின் இறுதியில் நாகைக் கரையைப் புயல் தாக்கியதன் பின்னர் அம்மாவட்டத்தில் இந்நோய் காணப்பட்டமையின் இப்பெயர் எய்திற்று. கானோடெர்மா என்னும் பூசணம் வேரை அழித்து அடிமரத்துட் புகுகின்றது. அடித்தண்டில் செங்கபில நிறச் சாறு கசிகின்றது. வாடல் என்ற சொல்லோ உழவர் கண்ணை ஓலைக்கு ஏற்றிவிடுகின்றது! கன்னட நாட்டார் இதனையே காளான் நோய் எனப் பொருள்படும் அணபே ரோக என்பர். அதுவும் காலந்தாழ்த்த பெயரே. அடிமரத்தில் காளான் முளைக்குங்கால் மரம் பெரும்பாலும் மீட்சி கடந்திருக்கும். அறிஞர் வழங்கும் அடித்தண்டழுகல் என்பதே உழவர் வாய்க்கும் செல்லத்தக்கது என்பது எம் கருத்து. மாண்ட மரத்தை வேரோடு அகற்றல், நோயுற்றதைச் சுற்றி அகழி வெட்டல், ஆண்டுதோறும் மரத்திற்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடல், கோடையில் நீர் குறையாது காத்தல் ஆகியன கைக்கொள்ளும் முறைகள்.

பிழைபட்ட பெயருக்குக் கேரள வேர்வாடல் சான்று. 1882ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பின் ஈராற்றுப்பேட்டையில் அறியப்பட்ட இந்நோய், இன்று தமிழ்நாட்டின் மேற்கெல்லைத் தோப்புகளிலும் உண்டு. வேரழுகல் இதில் பின்விளைவே. காரணமாகிய பைட்டோபிளாஸ்மா உணவுக்குழாய்த் திசுவில் வாழ்வதை 1980களில்தான் கண்டனர்; அதனைப் பரப்புவன சாறுறிஞ்சும் பூச்சிகள். எனவே, இங்கு வேரைத் தோண்டிப் பயனில்லை. ஓலையின் ஈர்க்குகள் விலாவெலும்பு போல் உள்வளைந்து நிற்றலைக் காணல் வேண்டும். நோய் மிகுந்த இடங்களில் ஆண்டிற்கு 10 காய்க்கும் குறைவாகத் தரும் மரங்களை நீக்கிவிடுமாறு ஆராய்ச்சி நிலையத்தார் கூறுகின்றனர்.