வில்லையும் வடகமும்

திருநெல்வேலி டவுணில் தொண்டை கட்டியவர்க்கு இரு வாயில்கள் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரமும் பனங்கற்கண்டும் வாங்கலாம். ஆங்கில மருந்துக் கடையில் சர்க்கரை சேர்க்காத மென்தால் வில்லை வாங்கலாம். முன்னது பழமை, பின்னது புதுமை என்று பிரித்துவிடுவது நம் வழக்கம். வரலாறு அப்பிரிவுக்கு அவ்வளவாக இடந்தருவதில்லை.

சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்று காரப்பொருள்களின் பெயரையே நீதிநூல் ஒன்றுக்குச் சூட்டியது நம் மொழி. திரிகடுகம் இயற்றிய நல்லாதனாரை நெல்லைச் சீமையைச் சார்ந்த திருத்து என்னும் ஊரினர் என்று கூறுவாருண்டு. மருந்து உடற்பிணி நீக்குவதுபோல் அறம் அகப்பிணி நீக்கும் என்ற ஒப்புமை கேட்டவுடன் விளங்க வேண்டுமாயின், அம்மருந்து மக்களிடையே நன்கு புழங்கியிருத்தல் வேண்டும். இக்காரத்தோடு தாளிசபத்திரி முதலியவற்றையும் இனிப்பையும் கூட்டிச் செய்வதே சித்த மருத்துவத்தின் தாளிசாதி வடகம். வாயிலிட்டு மெல்லச் சுவைத்துக் கரைக்கும் மருந்து அது. இத்தகைய மருந்துமுறையைக் கற்பிக்கப் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964இல் தோன்றியது. ஆக, வில்லை வடிவம் நமக்கு அயலன்று.

மென்தால் புதினா எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. அதன் மணத்தைத் தென்னாட்டு இல்லங்களுக்குக் கொண்டுசேர்த்தவற்றுள் அமிர்தாஞ்சனம் முதன்மையானது. காசிநாதுனி நாகேசுவரராவ் 1893இல் பம்பாயில் தொடங்கிய அத்தைலத் தொழில் 1914இல் சென்னைக்குப் பெயர்ந்தது. இசையரங்குகளில் அதனை இலவசமாக வழங்கி மக்களைப் பழக்கினார் என்பர். நெற்றியில் தடவிய அம்மணமே பின்னர் மிட்டாயாக நாவிலும் ஏறியது.

மிளகும் மென்தாலும் உறவினர் என்பதை அறிவியல் அண்மையில்தான் கண்டது. வெப்பத்தை உணரும் நரம்பு வாயிலை டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997இல் மிளகாயின் காரத்தைக் கொண்டு கண்டறிந்தனர். மிளகும் அதனைத் தூண்டும். குளிரை உணரும் வாயில் 2002இல் மென்தாலைக் கொண்டு அறியப்பட்டது. இவ்வாய்வுகளுக்காக ஜூலியசும் ஆர்டெம் பட்டபூட்டியனும் 2021இல் நோபல் பரிசு பெற்றனர். மென்தால் தொண்டையைக் குளிர்விப்பதில்லை. குளிர்ந்ததாக உணரச் செய்கிறது. சப்புவதால் ஊறும் உமிழ்நீரோ வறண்ட தொண்டையை மெய்யாகவே நனைக்கிறது.

இவ்விரண்டுக்கும் சர்க்கரை இன்றியமையாததன்று. காரத்தையும் கசப்பையும் மறைக்க வந்த இனிப்பு, காலப்போக்கில் மிட்டாயின் பெரும்பகுதியாகிவிட்டது. சர்க்கரையற்ற வில்லைகள் பலவற்றில் ஐசோமால்ட் போன்ற மாற்று இனிப்பு சேர்கிறது. சர்க்கரையின் ஒரு கிராமுக்கு 4 கலோரி என்றால் இதற்கு ஏறத்தாழ 2. மிகையாக உண்டால் வயிறு இளகும்.

நம் ஊரார் சிந்திக்க வேண்டிய இடம் இதுவே. பனைபடு பொருள் என்பதால் பனங்கற்கண்டு தீங்கற்றது என்று நம்பி, நீரிழிவு உள்ளவரும் நாள்முழுதும் அதனை அடக்கிக்கொள்வதுண்டு. பனையில் பிறந்தாலும் அதுவும் பெரும்பாலும் சுக்ரோசே. அதிமதுரத்தின் இனிப்பு சர்க்கரையன்று. கிளிசரைசின் என்னும் வேறொரு பொருள். அவ்வகையில் நம் முன்னோர் கைக்கொண்ட சர்க்கரையற்ற வில்லை அவ்வேர்தான். ஆயினும் அளவு மிஞ்சினால் அது குருதியழுத்தத்தை உயர்த்தும்.

ஓதுவார், ஆசிரியர், ஏலம் கூறுவோர் எனக் குரலால் வாழ்வோர் பலர். அவர்தம் பையில் எது இருந்தாலும், அதில் உள்ளது இன்னதென்று அறிந்து வைத்திருத்தல் நலம். குரற்கம்மல் மூன்று வாரங்களைக் கடந்தால் வில்லையையும் வடகத்தையும் ஒதுக்கிவிட்டு மருத்துவரை நாடுவதே முறை.