நிறுத்தாமல் கழற்றி மாட்டிய கதை

சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் உள்ளே இருக்கும் நெட்வொர்க் கார்டைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம் என்றால் வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். இந்த வித்தைக்குப் பின்னால் ஒரு சரித்திரம் உண்டு. அதைக் கொல்கத்தாவிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

இந்தியாவின் முதல் டிஜிட்டல் கணிப்பொறி வந்து இறங்கியது இந்த ஊரில்தான். 1955-ல் பராநகரில் உள்ள மகலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம், பிரிட்டனிலிருந்து ஹெச்.இ.சி-2எம் என்ற இயந்திரத்தை வாங்கியது. விலை சுமார் 2 லட்சம் ரூபாய். நினைவகம் ஒரு சுழலும் காந்த உருளை, கொள்ளளவு 1024 சொற்கள். உள்ளே பழைய ரேடியோக்களில் இருந்த மாதிரி வால்வுகள். வால்வு போனால் இயந்திரத்தை நிறுத்தி, மாற்றி, கணக்கை மறுபடி ஓட்டலாம். புள்ளிவிவரக் கணக்கு ஒரு நாள் தாமதமானால் குடி முழுகிவிடாது.

ரயில் டிக்கெட் அப்படியா? 1980-களின் இரண்டாம் பாதியில் முன்பதிவு கணிப்பொறிக்கு மாறியது. 1999-ல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் மையங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டன. ஹௌராவிலிருந்து சென்னைக்குக் கோரமண்டலில் இடம் பிடிக்க ஃபேர்லி ப்ளேஸில் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும், கவுண்டரில் திரை உறைந்துவிட்டால் வயிறு எப்படிக் கலங்கும் என்று! இங்கே இயந்திரம் நின்றால் ஆட்களும் நிற்கிறார்கள்.

நிற்காத இயந்திரத்துக்கு முதலில் வழி காட்டியவற்றில் ஒன்று அமெரிக்காவின் டாண்டம் நிறுவனம். 1976-ல் வந்த அதன் 'நான்ஸ்டாப்' கணிப்பொறியில் முக்கியமான எல்லாமே இரண்டிரண்டு. ஒன்று பழுதானால் மற்றது வேலையைச் செய்யும். ஆனால் விலை அதிகம்.

சாதாரண சர்வர்களுக்கு அந்த வசதி வந்தது 1997-ல், பிசிஐ ஹாட்-ப்ளக் விதிமுறை வெளியானபோது. அதற்கு முன் ஓடும் சர்வரில் கார்டைப் பிடுங்கினால் என்ன ஆகும்? மின்னழுத்தம் தடுமாறும். ஒரே பாதையைப் பகிரும் பக்கத்துக் கார்டுகளின் சமிக்ஞைகள் குழம்பும். இல்லாத கார்டோடு டிரைவர் பேசிக்கொண்டே இருக்க, கடைசியில் மொத்த சர்வரும் படுத்துவிடும்.

புதிய விதிமுறை ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் தனி மின் சுவிட்ச் கொடுத்தது. முறை இதுதான்: முதலில் இயங்குதளத்திடம் சொல்ல வேண்டும். அது டிரைவரை நிறுத்தும். ஸ்லாட் பொதுப் பாதையிலிருந்து துண்டிக்கப்படும், மின்சாரம் நிற்கும், பச்சை விளக்கு அணையும். அதற்குப் பிறகுதான் கை வைக்க வேண்டும், அதுவும் மணிக்கட்டில் நிலைமின் பட்டையோடு. மாட்டும்போது இதே வரிசை தலைகீழாக. பிறகு வந்த பிசிஐ எக்ஸ்பிரஸில் கார்டு இருப்பதைச் சொல்லும் பின்கள் மட்டும் குட்டையானவை. அவை கடைசியில் தொடும், முதலில் விலகும்.

மதர்போர்டு, கார்டு, டிரைவர், இயங்குதளம் எல்லாம் இதற்கு ஒத்துழைக்க வேண்டும். வீட்டு பிசியில் முயற்சி செய்துவிடாதீர்கள்! அதோடு, மாற்றும் நேரத்தில் வேலையைத் தாங்க இன்னொரு கார்டும் வேண்டும். இருப்பதே ஒரு நெட்வொர்க் கார்டு என்றால் சர்வர் ஓடும், ஆனால் கவுண்டரில் டிக்கெட் வராது.

ஆக, 'நிறுத்தாமல் மாற்றுவது' என்பது உண்மையில் ஒரு சின்னப் பகுதியை ஒழுங்காக நிறுத்துவதுதான். வரிசையில் நிற்பவருக்கு அது தெரியவே கூடாது. அவ்வளவுதான் விஷயம்.