நடுக்கோடு வந்த வழி

யூக்ளிடின் 13 புத்தகங்களில் முக்கோணத்துக்கு உள்வட்டம் உண்டு, சுற்றுவட்டமும் உண்டு. மூன்று நடுக்கோடுகளும் ஒரே புள்ளியில் கூடும் சங்கதி மட்டும் இல்லை. அதைப் பிடித்தவர் சிசிலித் தீவின் சிரக்கூஸ் நகரத்து ஆர்க்கிமிடீஸ். அவர் கவலை பாரம் பற்றியது: ஒரு முக்கோணத் தகட்டை எந்தப் புள்ளியில் தாங்கினால் அது சாயாது? உச்சியிலிருந்து எதிர்ப்பக்கத்தின் நடுவுக்கு இழுத்த கோட்டில், அதாவது நடுக்கோட்டில்தான் அந்தப் புள்ளி இருக்கும் என்று நிறுவினார். அலெக்சாந்திரியாவின் ஈரோனும் தம் இயந்திரவியல் நூலில் இதைத் தொட்டார். அந்த நூல் முழுமையாகப் பிழைத்தது, 9ஆம் நூற்றாண்டில் குஸ்தா இப்னு லூகா செய்த அரபு மொழிபெயர்ப்பால்தான்.

பிறகு நடுக்கோடு பள்ளிக்கூடத்துச் சரக்கானது. அங்கேயே நின்றிருந்தால் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது செம்பனைத் தோட்டத்துக்குள்ளும் வந்தது.

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் 1917இல், மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் போட்டார். தோட்டத்தின் பெயர் தென்னமரம்; நட்டதோ செம்பனை! ரப்பர் பின்வாங்கப் பின்வாங்க, சுற்றுத் தோட்டங்களும் செம்பனைக்கு மாறின.

இன்று செம்பனையைச் சதுரமாக நடுவதில்லை; சமபக்க முக்கோணமாக நடுகிறார்கள். முதல் வரிசையில் 9 மீட்டருக்கு ஒரு முளைக்குச்சி. இரண்டு குச்சிகளுக்கு நடுவை, அதாவது 4.5 மீட்டரைப் பார்த்து, அங்கிருந்து நேர்செங்குத்தாக 7.8 மீட்டர் போனால் அடுத்த வரிசையின் குச்சி. அந்த 7.8 மீட்டர்தான் நடுக்கோடு. வெயிலில் நின்று குச்சி அடித்தவர்கள் அதை வரிசை இடைவெளி என்பார்கள், அவ்வளவுதான். அதே 9 மீட்டரில் சதுரமாக நட்டால் ஹெக்டேருக்கு 123 மரம், முக்கோணத்தில் 143. நடுக்கோடுகள் கூடும் புள்ளி மூன்று மரங்களிலிருந்தும் 5.2 மீட்டரில் விழுகிறது. அதைவிட மூவருக்கும் நியாயமான இடம் கிடையாது. வெளிச்சத்தில் பங்கு குறைந்தால் குலையும் குறையும் என்பது வெட்டுக்காரருக்குத் தெரியும்.

கரிச்சதுப்பு நிலத்தில் கணக்கு வேறு. இடைவெளியை 8.5 மீட்டராகக் குறைத்து ஹெக்டேருக்கு 160 மரம் நடுகிறார்கள், நடுக்கோடும் 7.4 மீட்டராகச் சுருங்குகிறது. வடிகால் வெட்டியதும் அந்த மண் அமிழ்கிறது, வேர்ப்பிடி தளர்கிறது, மரம் சாய்கிறது. தகடு சாயாமல் நிற்கும் புள்ளியைத் தேடிய ஆர்க்கிமிடீஸின் கோட்டுக்கு இங்கே வேலை, மரம் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வதோடு சரி. நிற்க வைப்பது வடிகாலின் நீர்மட்டத்தைக் காப்பவர் பாடு.