கொள்ளுத்தாத்தா எந்த ரவுண்டு?

போன ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை ராத்திரி. வீட்டில் டிவி முன்னால் நானும் பையனும். அமெரிக்கக் கால்பந்தின் 'டிராஃப்ட்' ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் இருப்பது சார்லட் நகரம். உள்ளூர் அணி பேந்தர்ஸ். பையனுக்கு எல்லா அணிகளின் பட்டியலும் மனப்பாடம். (கணக்கு வாய்ப்பாட்டை இப்படி மனப்பாடம் செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவன் அம்மா புலம்புவது தனிக்கதை.)

என் தாத்தா கோலார் தங்கவயலில் ஃபுட்பால் ஆடியவர் என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். திடீரென்று திரும்பிக் கேட்டான்: "அப்பா, கொள்ளுத்தாத்தாவ எந்த ரவுண்ட்ல எடுத்தாங்க?"

சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வி மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் டிராஃப்ட் என்றால் என்ன? கல்லூரியில் ஆடி முடித்த பையன்களைத் தொழில்முறை அணிகள் வரிசையாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. 32 அணிகள், ஏழு சுற்றுகள். போன வருடம் கடைசியில் வந்த அணிக்கு முதல் தேர்வு, கோப்பை வென்ற அணிக்குக் கடைசித் தேர்வு. வரிசையை அணிகள் தங்களுக்குள் பேரம் பேசி மாற்றிக்கொள்வதும் உண்டு. ஓர் அணி பெயரைச் சொல்லிவிட்டால் பையன் அந்த அணியோடுதான் பேச வேண்டும். "எனக்கு அந்த ஊர் வேண்டாம்" என்றெல்லாம் சுலபத்தில் சொல்ல முடியாது.

இதைக் கொண்டுவந்தவர் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் முதலாளி பெர்ட் பெல். தோற்றுக்கொண்டே இருந்த அணி அவருடையது. நல்ல ஆட்டக்காரர்களைப் பணக்கார அணிகளே அள்ளிக்கொண்டு போயின. முதல் டிராஃப்ட் 1936 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் நடந்தது. முதல் பெயர் ஜே பெர்வாங்கர். ஆள் ஒரு நாள்கூடத் தொழில்முறை ஆட்டம் ஆடவில்லை. ரப்பர் கம்பெனியில் வேலைக்குப் போய்விட்டார்! அந்தக் காலத்தில் ஃபுட்பால் சம்பளத்தைவிட அதுதான் உத்தரவாதம்.

இந்த ரப்பர் கம்பெனியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர்க் கதைக்கு வேண்டும்.

இந்த ஆட்டத்தில் 'வைட் ரிசீவர்' என்று ஒருவர். மைதானத்தின் ஓரத்தில் நிற்பார். பந்து புறப்பட்டதும் தலைதெறிக்க ஓடி, தூரத்திலிருந்து எறியப்படும் பந்தைப் பிடிக்க வேண்டும். நம்ம ஃபுட்பாலில் லெஃப்ட் அவுட், ரைட் அவுட் என்பார்களே, ஏறக்குறைய அந்த ஜாதி. கூட்டத்தில் இடிபடாமல் ஓரமாக ஓடுகிறவன், வேகம்தான் மூலதனம்.

என் தாத்தா லெஃப்ட் அவுட்.

தங்கவயலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு வளர்ந்த ஊர். மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகாம், நந்திதுர்க் என்று மைன்கள். வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துத் தமிழர்கள். 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். கீழே போனால் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி சூடு, பாறை வெடிக்கும் 'ஏர் பிளாஸ்ட்', நுரையீரலில் தூசி. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த ஆட்டங்களை லைன் வீட்டுப் பையன்களும் பிடித்துக்கொண்டார்கள்.

தாத்தா வேலைக்குச் சேர்ந்தது 1948இல். அதே வருடம் ஜூலை 31 அன்று லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியா பிரான்ஸோடு ஆடி 2-1 என்று தோற்றது. நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். அந்த ஒரு கோலை அடித்தவர் பெங்களூர் சாரங்கபாணி ராமன். தங்கவயலில் வெறுங்காலோடு ஆடிக்கொண்டிருந்த எங்கள் தாத்தாவுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

அவர் எப்படி அணிக்கு வந்தார்? தாத்தா சொன்னது இவ்வளவுதான். லைன் பசங்க ஆட்டத்தை ஓர் ஆபீசர் பார்த்தார். ரெண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டு, "நாளையிலிருந்து பட்டறைக்கு வா" என்றார். அதாவது, கேஜில் ஏறிக் கீழே போக வேண்டாம். மேலேயே வேலை; சாயந்தரம் பிராக்டிஸ். சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் காற்று வித்தியாசம். தாத்தாவின் அண்ணன் கீழேயே வேலை பார்த்தார். ஐம்பது வயதைத் தாண்டவில்லை. தாத்தா எழுபதுக்குப் பக்கத்தில் வரை இருந்தார்.

ரெண்டு பேருக்கும் ஒரே அம்மா, ஒரே சாப்பாடு. வித்தியாசம், ஒருவருக்கு இடது கால் ஓடியது.

இப்போது கல்கத்தாவுக்கு வருவோம். அன்று இந்திய ஃபுட்பாலின் தலைநகரம் அதுதான். பெரிய கிளப்புகள் தெற்கே வந்து ஆள் பிடிக்கும். ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசை ஐந்து பேரைப் 'பஞ்சபாண்டவர்' என்பார்கள்: அகமது கான், தன்ராஜ், அப்பாராவ், வெங்கடேஷ், சாலே. ஐந்து பேருமே தென்னாட்டுக்காரர்கள். அதில் அகமது கானும் தன்ராஜும் பெங்களூர். 1949, 50, 51 மூன்று வருடமும் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு அவர்களுக்கே. பின்னாளில் மோகன் பகானின் இடது விங்கில் ஓடிய அருமைநாயகமும் பெங்களூர்க்காரர்தான். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தவர்.

அங்கே டிராஃப்டும் கிடையாது, வரிசையும் கிடையாது. எதிர் கிளப் கொத்திக்கொண்டு போகாமல் இருக்க, கையெழுத்துப் போடும் நாள் வரை ஆட்டக்காரரை ஒளித்து வைப்பார்களாம்! அமெரிக்காவிலும் டிராஃப்டுக்கு முன்பு இதே கூத்துதான். டான் ஹட்சன் என்ற பேர்போன ரிசீவர் 1935இல் ரெண்டு அணிகளுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். எந்தக் கடிதத்தில் தபால் முத்திரை முதலில் விழுந்தது என்று பார்த்துத் தீர்ப்புச் சொன்னதாகக் கதை.

1953 வாக்கில் தாத்தாவையும் தேடி ஓர் ஆள் வந்தார். பெங்களூரில் ஒரு மேட்ச் முடிந்து, ரயிலுக்குக் காத்திருக்கும்போது. கல்கத்தா கிளப் ஒன்றுக்காக வந்தவர். தங்க இடம், சாப்பாடு, கைக்கு ஏதோ பணம். அன்றைக்கு நம் நாட்டில் ஃபுட்பால் பேருக்கு அமெச்சூர்; வேலை என்று ஒன்று இருந்தால்தான் சோறு.

தாத்தா போகவில்லை. வேலையை விட்டால் லைன் வீடும் போய்விடும். அதில் அவரை நம்பி ஏழு பேர். பெர்வாங்கருக்கு ரப்பர் கம்பெனி. எங்கள் தாத்தாவுக்குத் தங்கச் சுரங்கம்.

ஒரு தடவை கேட்டேன், வருத்தமா என்று. "போயிருந்தா பேப்பர்ல பேரு வந்திருக்கும்டா. முட்டி போனதுக்கு அப்புறம் யாரு சோறு போட்டிருப்பா?" என்றார். ஆனால் சாகும்வரை சாயந்தரமானால் மைதானத்துக்குப் போவார். உட்காருவது எப்போதும் இடது ஓரத்தில்.

எந்த வேலைக்காகக் கல்கத்தாவை விட்டாரோ, அதே வேலையை என் அப்பாவும் பார்த்தார். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடிவிட்டார்கள். நல்லவேளை, அதைப் பார்க்கத் தாத்தா இல்லை. அப்போது நான் பி.காம். கடைசி வருடம். ஊரில் பாதி இளைஞர்கள் விடிகாலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். நானும் அந்த ரயிலில் உட்கார்ந்து படித்துத்தான் வங்கித் தேர்வு எழுதினேன்.

அதே 2001 ஏப்ரலில் பேந்தர்ஸ் மூன்றாவது சுற்றில், 74ஆவது ஆளாக, ஸ்டீவ் ஸ்மித் என்ற ரிசீவரை எடுத்தது. ஐந்தடி ஒன்பது அங்குலம்தான். குள்ளம் என்று பலரும் தாண்டிப்போன ஆள், அணியின் சரித்திரத்தில் பெரிய பெயரானார். கடன் விண்ணப்பங்களைப் பார்த்தே காலம் தள்ளுகிற எனக்கு இது ஆச்சரியமில்லை. காகிதத்தில் சுமாராக இருந்தவர் ஒழுங்காகக் கட்டுவதும், பிரமாதமாக இருந்தவர் கவிழ்ப்பதும் தினசரி பார்ப்பதுதான்.

டிராஃப்டில் பையனுக்கு ஊரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. தாத்தாவுக்கு அந்த உரிமை இருந்தது. ஆனால் ஏழு வயிறு சேர்ந்து அதைப் பயன்படுத்திக்கொண்டது. எது மேல் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இங்கே குறைந்தபட்சம் கடைசியில் நிற்கிற அணிக்கு முதல் வாய்ப்பு என்று ஒரு விதி எழுதி வைத்திருக்கிறார்கள். கடைசியில் நிற்கிற ஊருக்கு அப்படி ஒரு விதியை யாரும் எழுதவில்லை.

பையனிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ அவரோட அண்ணன அவங்க எடுக்கலயா?" என்று கேட்டான்.

இல்லைடா கண்ணா. அவரை யாரும் எடுக்கவில்லை.